தனியாக ஒரு நாள்: டோக்கியோ டிஸ்னிசீ

தனியாகப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்தப் பூங்கா என்பதை. டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டில் இரண்டு பூங்காக்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று 1983 ஏப்ரலில் திறந்த டிஸ்னிலேண்ட். அமெரிக்காவுக்கு வெளியே டிஸ்னி பெயரில் வந்த முதல் பூங்கா அதுதான். மற்றொன்று 2001 செப்டம்பரில் திறந்த டிஸ்னிசீ. கையில் ஒரே ஒரு நாள், கூட யாரும் இல்லை என்றால் தயங்காமல் டிஸ்னிசீக்குப் போங்கள். டிஸ்னிலேண்டைக் கலிஃபோர்னியாவிலோ பாரிஸிலோ ஹாங்காங்கிலோ ஏதாவது ஒரு வடிவத்தில் பார்த்துவிடலாம். டிஸ்னிசீ உலகில் வேறெங்கும் கிடையாது. பெரியவர்கள் நடந்து பார்ப்பதற்கென்றே கட்டிய துறைமுகங்கள் அங்கே இருக்கின்றன. நடப்பதற்குத் துணை தேவையில்லை.

குடும்பமாகப் போகிறவர்களுக்காக எழுதிய திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகப் போனால் அந்த நாள் சுமையாகிவிடும். அந்தத் திட்டங்கள் சவாரிகளின் எண்ணிக்கையைக் குறிவைப்பவை. வரிசையில் நிற்கும் நேரம் பேச்சிலும் சிரிப்பிலும் கரைந்துவிடும் என்று நம்பி எழுதியவை. பேச ஆளில்லாமல் இரண்டு மணி நேரம் நிற்பது அப்படியல்ல. ஆகவே இந்த அத்தியாயம் ஒரு நாளுக்கு ஒன்றோ இரண்டோ நீண்ட வரிசைகளை மட்டுமே ஒத்துக்கொள்கிறது. மிச்ச நேரத்தை வரிசையே இல்லாத இடங்களுக்குக் கொடுக்கிறது.

"தனியாகவா? அங்கே போய் என்ன செய்வாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். ஜப்பானில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. தனியாகச் சாப்பிடுவதும் தனியாகப் படம் பார்ப்பதும் தனியாகக் கேளிக்கைப் பூங்காவுக்கு வருவதும் அங்கே அன்றாட விஷயங்கள். நீண்ட லென்ஸ் மாட்டிய கேமராவோடு படகு நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கும் நடுவயதுக்காரர், டஃபி என்ற கரடி பொம்மையைத் துறைமுகச் சுவரில் உட்கார வைத்துப் பொறுமையாகப் படமெடுக்கும் இளம்பெண், வேலை முடிந்து மாலையில் வந்து இரண்டு மணி நேரம் உலாவிவிட்டுப் போகும் அலுவலகக்காரர் என்று தனியாட்களை அங்கே தொடர்ந்து பார்ப்பீர்கள். உங்களை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. கூச்சம் இருந்தால் அதை விமான நிலையத்திலேயே இறக்கிவைத்துவிடலாம்.

போவதற்கு முன்

டிக்கெட் தேதி போட்டது. வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். இணையத்தில் முன்கூட்டியே வாங்கி, கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டணம் எல்லா நாளும் ஒன்றல்ல. 2023 அக்டோபரில் வந்த பட்டியலின்படி பெரியவருக்கு ஒரு நாள் கட்டணம் 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை, கூட்டத்தைப் பொறுத்து மாறும். விலை குறைந்த நாள் என்றால் கூட்டம் குறைந்த நாள் என்று பொருள். எனவே காலண்டரில் எந்தத் தேதி மலிவோ அதையே பிடியுங்கள், காசும் மிச்சம், நேரமும் மிச்சம். இந்திய வங்கி அட்டைகள் சில வேளைகளில் அந்தத் தளத்தில் ஏற்காமல் போகும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான அனுமதியை வங்கிச் செயலியில் முதலிலேயே திறந்துவிடுங்கள்.

தவிர்க்க வேண்டிய காலங்கள்: ஏப்ரல் இறுதியிலிருந்து மே முதல் வாரம் வரையிலான கோல்டன் வீக் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒபோன், ஆண்டு முடிவும் தொடக்கமும், பள்ளி கல்லூரி முடிந்து மாணவர்கள் குவியும் மார்ச். ஜூனில் மழை. ஜூலை, ஆகஸ்டில் சென்னைக்காரரே வாய்விட்டுப் புலம்பும் புழுக்கம். ஜனவரி, பிப்ரவரியின் வார நாட்களை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். டோக்கியோ விரிகுடாவிலிருந்து வீசும் காற்று எலும்பு வரை குத்தும், ஆனால் கூட்டம் தணிந்திருக்கும். காதை மூடும் தொப்பியும் கையுறையும் இருந்தால் சமாளித்துவிடலாம். ஒன்று மட்டும்: பராமரிப்புக்காகச் சில சவாரிகளை அந்த மாதங்களில் மூடுவதுண்டு. எவை மூடியிருக்கும் என்ற பட்டியல் பூங்காவின் தளத்தில் முன்பே வந்துவிடும், பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள்.

பூங்காவின் செயலியை இங்கிருந்தே இறக்கிக் கணக்குத் தொடங்கி, டிக்கெட்டை அதில் சேர்த்துவிடுங்கள். காத்திருப்பு நேரம், வரைபடம், சவாரிச் சீட்டு, நிகழ்ச்சிக்கான குலுக்கல் எல்லாமே அதில்தான். குடும்பத்தில் ஒருவர் கைபேசி அணைந்தால் இன்னொருவருடையது இருக்கும். உங்களுக்கு ஒன்றுதான், அது அணைந்தால் டிக்கெட், வரைபடம், ஹோட்டல் முகவரி மூன்றும் சேர்ந்தே போய்விடும். நிறைய சார்ஜ் தாங்கும் பவர் பேங்க் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். ஹோட்டலின் பெயரும் முகவரியும் ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். கடவுச்சீட்டு உடம்போடு இருக்கட்டும். வெளிநாட்டுப் பயணி அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம்.

போகும் வழி

பெயரில் டோக்கியோ இருந்தாலும் பூங்கா இருப்பது பக்கத்து மாகாணமான சிபாவின் உராயாசு நகரில், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில். டோக்கியோ நிலையத்திலிருந்து ஜேஆர் கெய்யோ தடத்தில் ஏறினால் மைஹாமா நிலையம் கால் மணி நேரம். ஆனால் டோக்கியோ நிலையத்துக்குள் கெய்யோ தடத்தின் நடைமேடைகள் மற்றவற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, நிலத்துக்கடியில் ஆழத்தில் இருக்கின்றன. நகரும் நடைபாதைகளில் போனாலும் பத்து நிமிடத்துக்குக் குறையாது. முதல்முறை போகிறவர் இருபது நிமிடம் ஒதுக்கிவிடுவது நல்லது.

மைஹாமாவில் இறங்கியதும் இரண்டு வழிகள். ரிசார்ட்டைச் சுற்றிவரும் மோனோரயில் ஒன்று ஓடுகிறது, ஜன்னல்கள் மிக்கியின் தலை வடிவத்தில் இருக்கும். அதற்குத் தனிக் கட்டணம். ஒரே திசையில் சுற்றுவதால் டிஸ்னிசீ நிலையம் கடைசியில்தான் வரும். நடந்து போனால் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கூட்டம் அதிகமான காலையில் நடப்பதே மேல்.

வாசல் வழக்கமாக 9 மணிக்குத் திறக்கும் என்று போட்டிருக்கும். கூட்டத்தைப் பார்த்து அதற்கு முன்பே உள்ளே விடுவதும் உண்டு. விடிகாலையிலிருந்தே தரையில் விரிப்புப் போட்டு உட்கார்ந்திருக்கும் உள்ளூர் ரசிகர்களோடு போட்டி வேண்டாம். 8 மணிக்கு முன்பாக வந்துவிட்டால் போதும். பைச் சோதனை முடிந்தால் உலக உருண்டை சுழலும் நீரூற்று எதிரே வரும். அங்கே நின்று செயலியைத் திறங்கள்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரே வரிசை

சவாரிகளுக்கு முன்னுரிமைச் சீட்டு இரண்டு விதம். பிரீமியர் அக்ஸஸ் என்பது காசு கொடுத்து வாங்குவது. சவாரிக்குச் சவாரி விலை வேறு, 1,500 யென்னிலும் அதற்கு மேலும். இலவச முன்னுரிமைச் சீட்டு சில சவாரிகளுக்கு மட்டும் உண்டு, அந்தப் பட்டியல் அவ்வப்போது மாறும். இரண்டையும் பூங்காவுக்குள் நுழைந்த பிறகுதான் எடுக்க முடியும். கேட்பவர் அதிகமான சவாரிகளுக்குக் காலையிலேயே தீர்ந்துவிடும். ஆகவே நுழைந்த முதல் ஐந்து நிமிடத்தை இதற்குக் கொடுங்கள். படம் எடுப்பதும் வாய்பிளந்து பார்ப்பதும் அதற்குப் பிறகு.

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்தச் சீட்டு வாங்குவது பெரிய முடிவு, தொகை நான்கால் பெருகும். உங்களுக்கு ஒரு சீட்டுதான். ஒன்றை வாங்குங்கள், ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதற்கு? 2024 ஜூனில் திறந்த ஃபேண்டஸி ஸ்பிரிங்ஸ் பகுதியில் உள்ள ஃப்ரோஸன் படகுச் சவாரிக்கு என்று சொல்வேன். அந்தப் பகுதி முழுவதையும் கட்ட ஏறக்குறைய 32,000 கோடி யென் செலவானது, அந்தச் செலவைப் படகில் போகும்போது கண்ணால் காணலாம். உயரத்தில் பறக்க விரும்புகிறவர் 2019-இல் வந்த சோரிங் சவாரியைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் சாதாரண வரிசை பல நாட்களில் இரண்டு மணி நேரத்தைத் தொடும் என்பதால் அங்கும் காசுக்கு நியாயம் உண்டு.

ஒற்றை ஆளுக்கு மட்டும் திறக்கும் கதவு

இந்தியானா ஜோன்ஸ் சவாரியின் ஜீப்பில் வரிசைக்கு நான்கு இருக்கைகள். மூன்று பேர் குழுவாக வந்தால் ஒரு இருக்கை காலி. ரேஜிங் ஸ்பிரிட்ஸ் ரோலர் கோஸ்டரில் இருவர் இருவராக உட்கார வேண்டும். அங்கும் மூன்று பேர் வந்தால் நாலாவது இடம் வீண். அந்தக் காலி இடங்களை நிரப்புவதற்கு வைத்திருக்கும் ஏற்பாடுதான் சிங்கிள் ரைடர். தனியாக வந்திருப்பதாகச் சொன்னால் உங்களைத் தனி வழியில் அனுப்பி, இடம் காலியாகும்போது ஏற்றிவிடுவார்கள். வெளியே ஒரு மணி நேரம் என்று பலகை காட்டும்போது பத்து, பதினைந்து நிமிடத்தில் ஏறிவிட வாய்ப்பு உண்டு.

எல்லாச் சவாரியிலும் இது இல்லை. இருக்கும் சவாரியிலும் எல்லா நேரமும் திறந்திருக்காது. அறிவிப்புப் பலகையில் பெரிதாகப் போட்டிருக்கவும் மாட்டார்கள். நுழைவாயிலில் நிற்கும் பணியாளரிடம் ஒரு விரலைக் காட்டி "சிங்குரு ரைதா?" என்று கேளுங்கள், புரிந்துகொள்வார். பூங்கா முழுவதிலும், சவாரியானாலும் உணவகமானாலும், "நான்மெய்சமா தெஸ்கா" என்று கேட்டால் எத்தனை பேர் என்று பொருள். ஒரு விரலோடு "ஹிதோரி தெஸ்" என்று சொன்னால் முடிந்தது.

இந்த வழியில் ஓர் இழப்பும் உண்டு. இந்தியானா ஜோன்ஸ் சவாரியின் சாதாரண வரிசை, மத்திய அமெரிக்கக் கோயில் ஒன்றின் உட்புறம் போலக் கட்டிய நீண்ட மண்டபங்கள் வழியாகப் போகிறது. சுவரில் செதுக்கல், படிக்கட்டுகள், சாரம் கட்டிய தூண்கள் என்று பார்க்க நிறைய உண்டு. குறுக்கு வழியில் போகிறவர் அதில் பெரும்பகுதியைப் பார்க்காமலே ஜீப்பில் ஏறிவிடுவார். காத்திருப்பு அரை மணி என்று காட்டினால் முதல்முறை சாதாரண வரிசையிலேயே போங்கள். மறுமுறை ஏற ஆசைப்பட்டால் ஒற்றை வழி. ரேஜிங் ஸ்பிரிட்ஸுக்கு அந்தக் கவலை வேண்டாம். ஒரு முழுச் சுழற்சியும் ஒன்றரை நிமிடமும்தான் சவாரி, நேரே ஒற்றை வழியில் போய்விடலாம்.

வரிசை இல்லாத பூங்கா

இனி நாளின் சாரமான பகுதி. பத்து மணி முதல் மூன்று மணி வரை பிரபலமான சவாரிகளின் காத்திருப்பு உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தை நடப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், எரிமலையின் காலடியில் ஒரு கோட்டை இருக்கிறது. ஃபோர்ட்ரெஸ் எக்ஸ்ப்ளோரேஷன்ஸ் என்று வரைபடத்தில் இருக்கும். காத்திருப்பு நேரம் காட்டாது, ஏனென்றால் காத்திருக்கத் தேவையில்லை. பெரும்பாலானவர்கள் அதைப் படம்பிடிக்கும் பின்னணியாக நினைத்துக் கடந்துபோகிறார்கள். உள்ளே போங்கள். கையால் சுழற்றினால் கோள்கள் நகரும் அறை ஒன்று, பூமி சுழல்வதைக் காட்டும் பெரிய ஊசல் ஒன்று, ரசவாதியின் ஆய்வுக்கூடம், லியனார்டோ டா வின்சியின் வரைபடங்களை ஒத்த பறக்கும் பொறி, ஓவியம் தீட்டிய கூரைகள், கீழே கரையில் கட்டிய பாய்மரக் கப்பல். கண்டுபிடிப்பாளர்களும் கடலோடிகளும் சேர்ந்த ஒரு கற்பனைச் சங்கத்தின் தலைமையகம் இது என்பது கதை. கூட்டத்தோடு வருகிறவர்களுக்கு இங்கே நிற்க நேரமிருக்காது, யாராவது ஒருவர் அடுத்த சவாரிக்கு இழுப்பார். ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்வருவதை நீங்கள் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றாலும் கேட்க ஆளில்லை. தனியாக வந்ததன் முழுப் பலனும் இந்தக் கோட்டையில்தான் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கோட்டையின் பின்பக்கம் குகைவழியே நடந்தால் எரிமலையின் உட்பள்ளத்துக்கு வந்துவிடுவீர்கள். அதுதான் மிஸ்டீரியஸ் ஐலண்ட், ஜூல்ஸ் வெர்னின் கேப்டன் நெமோ ஒளிந்து வாழும் இடம். கீழே தண்ணீரில் நாட்டிலஸ் நீர்மூழ்கி மிதக்கும். சுற்றிலும் துருப்பிடித்த இரும்பு, ஆவி, எரிமலையின் உறுமல். இங்கே இரண்டு சவாரிகள். 'ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்' மலைக்குள் மெதுவாக ஊர்ந்து, கடைசியில் வெளியே பாய்ந்து விழும். இதற்கு நீண்ட வரிசை இருக்கும். நீங்கள் ஒத்துக்கொள்ளும் ஒரே நீண்ட வரிசை இதுவாக இருக்கட்டும், இரவு கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தள்ளினால் இன்னும் நல்லது. மற்றது நீர்மூழ்கிச் சவாரி. ஆறு பேர் ஏறும் சிறிய கலம், வட்ட ஜன்னலில் குமிழிகள் எழும், கடலடிக்குப் போவது போலவே இருக்கும். உண்மையில் கலம் தண்ணீருக்குள் இறங்குவதே இல்லை. இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில்தான் தண்ணீரும் குமிழியும். இது தெரிந்த பிறகு ஏறினால் சவாரியின் மீது மதிப்புக் கூடுமே தவிர குறையாது.

அமெரிக்கன் வாட்டர்ஃப்ரண்ட் 1912-ஆம் ஆண்டின் நியூயார்க். எஸ்எஸ் கொலம்பியா என்ற பெரிய கப்பல் நிஜமான அளவில் நிற்கிறது. மேல்தளத்துக்கு ஏறிப் போகலாம், அங்கிருந்து விரிகுடா தெரியும். பக்கத்தில் டவர் ஆஃப் டெரர். அமெரிக்காவில் இதே பெயரில் உள்ள சவாரிக்கு வேறு கதை. இங்கே கதை ஹாரிசன் ஹைடவர் என்ற செல்வந்தரைப் பற்றியது. உலகெங்கும் போய்ப் பழங்குடிகளின் சிலைகளையும் புனிதப் பொருட்களையும் பறித்துவந்து தன் ஹோட்டலில் குவித்தவர். ஆப்பிரிக்காவில் கவர்ந்த ஒரு சிலையை எடுத்துக்கொண்டு 1899-இன் கடைசி இரவில் மின்தூக்கியில் ஏறுகிறார், காணாமல் போகிறார். வரவேற்புக் கூடத்தின் சுவரோவியங்கள் அவர் கொள்ளையடித்த காட்சிகளைப் பெருமையாகவே காட்டும். கோயில் சிலைகள் கடல் கடந்து போன செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்கு அந்த ஓவியங்களின் முன் கால்கள் தானாக நின்றுவிடும். சவாரியின் பேச்சு முழுக்க ஜப்பானிய மொழியில்தான். கதை தெரிந்து போனால் ஒரு சொல்லும் புரியாமலே எல்லாம் புரியும். விழும் சவாரி பிடிக்காதவர்கள் கட்டடத்தை வெளியிலிருந்தே பார்க்கலாம், அந்த வேலைப்பாட்டுக்கே அரை மணி நேரம் தகும்.

மொழி முழுமையாகத் தேவைப்படுவது டர்ட்டில் டாக். ஆமையோடு உரையாடும் நிகழ்ச்சி, ஜப்பானியம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் கால் ஓய, உயரத்தில் ஓடும் மின்சார ரயிலில் போர்ட் டிஸ்கவரிக்குப் போங்கள். அல்லது நீராவிப் படகில் ஏறிப் பூங்காவின் நீர்வழிகளைச் சுற்றுங்கள். இரண்டிலும் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். காலணி கடிக்கத் தொடங்கும் இரண்டு மணிவாக்கில் அது பெரிய வரம்.

அரேபியன் கோஸ்ட்டில் சிந்துபாத் படகுச் சவாரியைத் தவறவிடாதீர்கள். பல நாட்களில் பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடலாம், அதனாலேயே இது மட்டமானதென்று நினைத்துவிடுகிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட இயங்கும் பொம்மைகள், 2007-இல் புதுப்பித்தபோது ஆலன் மெங்கன் இசையமைத்த பாடல், சிந்துபாத்துக்குத் துணையாக ஒரு புலிக்குட்டி. இந்தப் பூங்காவில் எனக்கு மிகப் பிடித்த சவாரி இதுதான். இரண்டு முறை ஏறுங்கள். முதல்முறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம் உட்காருங்கள்.

சாப்பாடு

பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை எந்த உணவகத்துக்கும் போக வேண்டாம். மேசை பிடிக்க ஒருவர், தட்டு வாங்க ஒருவர் என்று குடும்பங்கள் பிரிந்துகொள்ளும், உங்களால் முடியாது. பத்தே முக்காலுக்கோ இரண்டரைக்கோ சாப்பிடுங்கள். மேசையில் தொப்பியோ கைக்குட்டையோ வைத்துவிட்டு உணவு வாங்கப் போவது அங்கே சாதாரணம். வைக்கும் பொருள் தொலைந்தால் வருந்தாததாக இருக்கட்டும்.

வெளி உணவு உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. கட்டுச்சோறு கொண்டுவந்தால் வாசலுக்கு வெளியே உள்ள பிக்னிக் பகுதியில் சாப்பிடலாம். தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம். குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றது.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சிக்கல் எதுவும் இல்லை. சைவர்கள் முன்யோசனையோடு போக வேண்டும். ஜப்பானிய சூப்பிலும் குழம்பிலும் தாஷி என்ற சாறு கலந்திருக்கும். கட்சுவோ மீனின் உலர்ந்த சீவல்களிலிருந்து எடுப்பது. கண்ணுக்குத் தெரியாது, காய்கறி மட்டுமே மிதக்கும். ஜப்பானின் ஒவ்வாமை அட்டவணைகளில் பொதுவாக மாடு, பன்றி, கோழி, முட்டை, ஜெலட்டின் முதலியவை தனித்தனிக் கட்டமாக வரும். அதை வைத்து நிறைய வடிகட்டிவிடலாம். ஆனால் கட்சுவோ மீன் அந்த அட்டவணையில் வராது என்பதை நினைவில் வையுங்கள். "நிகு மோ சகானா மோ தபெமாசென்" என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை என்று பொருள். இதை ஜப்பானிய எழுத்தில் கைபேசியில் வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது. நுழைவாயிலுக்கு அருகில் உள்ள மம்மா பிஸ்காட்டிஸ் பேக்கரியில் காலையில் ரொட்டி வகைகள் கிடைக்கும். கேரமல் பாப்கார்ன், சுரோஸ் ஆகியவை பசியை ஓரளவு தாங்கும். அரேபியன் கோஸ்ட்டின் கறி மசாலா பாப்கார்ன் வாசனையே நம்மை இழுக்கும். அதில் அசைவச் சாறு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கண்டிப்பான சைவர் காலை உணவை ஹோட்டலில் வயிறாரச் சாப்பிட்டு, மதியம் வெளியே வந்து பிக்னிக் பகுதியில் கட்டுச்சோற்றை உண்டு திரும்புவதே நிம்மதி. வெளியேறும்போது மறுநுழைவுக்கான முறையை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படமும் பொருளும்

உங்கள் கைபேசியில் உங்களைப் படமெடுத்துத் தரப் பூங்காப் பணியாளர்கள் முகம் சுளிக்காமல் வருவார்கள். "ஷாஷின் ஓநெகாய்ஷிமாஸ்" என்றால் போதும். செல்ஃபி குச்சியையும் முக்காலியையும் நீட்டிப் பயன்படுத்த அனுமதி இல்லை. ஆகவே கேட்கப் பழகுங்கள். பரிசுப் பொருட்களை மூன்று நான்கு மணிக்குள் வாங்கி லாக்கரில் வைத்துவிடுங்கள். மூடும் நேரத்தில் வாசலோரக் கடைகள் நகர முடியாதபடி நெரியும்.

மாலை

'பிலீவ்! சீ ஆஃப் ட்ரீம்ஸ்' என்ற இரவு நிகழ்ச்சி 2022 நவம்பரிலிருந்து துறைமுக நீரில் நடக்கிறது. படகுகள், ஒளி, எதிரே உள்ள மிராகோஸ்டா ஹோட்டலின் சுவர் முழுக்கப் படக்காட்சி. நல்ல இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே தரையில் விரிப்புப் போட்டு உட்காருவார்கள். தனியாளுக்கு இதில் ஒரு சங்கடம், ஒரு சாதகம். எழுந்து கழிவறைக்குப் போனால் இடம் போய்விடும், அதனால் போய்விட்டு வந்து உட்காருங்கள். அதே வேளை, மூன்று பேருக்கு இடமில்லாத இடைவெளியில் ஒருவர் நுழைந்துவிடலாம். தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது வந்தாலும், நிற்கும் வரிசைகளில் தூணுக்கும் விளக்குக்கும் நடுவே ஓரிடம் கிடைத்துவிடும். காற்று பலமானால் நிகழ்ச்சியைச் சுருக்குவார்கள், சில நாள் ரத்தும் செய்வார்கள். அதை நம்பி மட்டும் நாளை அமைக்காதீர்கள்.

இந்த நேரத்தில்தான் வீட்டு நினைப்பு வரும். சுற்றிலும் குடும்பங்கள், இசை, விளக்கு, தண்ணீர். அது வருவது இயல்பு, அதற்காக வந்தது தவறு என்று நினைத்துவிட வேண்டாம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே இரவு எட்டு என்றால் இங்கே மாலை நாலரை. வீட்டில் எழுந்து உட்கார்ந்து காபி குடிக்கும் நேரம். ஒரு வீடியோ அழைப்பு போட்டுத் துறைமுகத்தைக் காட்டுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் பெருங்கூட்டம் வாசலை நோக்கி நகரும். நீங்கள் எதிர்த்திசையில் நடங்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் எரிமலைச் சவாரியின் வரிசை பல நாட்களில் பாதியாகிவிடும். மூடும் நேரத்துக்கு முன் வரிசையில் நின்றுவிட்டால் ஏற்றிவிடுவார்கள்.

நிலநடுக்கமும் காற்றும்

இதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. 2011 மார்ச் 11 அன்று பெரும் நிலநடுக்கம் வந்தபோது இரண்டு பூங்காக்களிலும் சேர்த்து ஏறக்குறைய 70,000 பேர் இருந்தார்கள். பணியாளர்கள் கடைகளிலிருந்த பொம்மைகளை எடுத்து, தலையைக் காத்துக்கொள்ள மக்களிடம் கொடுத்தார்கள். ரயில்கள் நின்றுபோனதால் ஆயிரக்கணக்கானோர் இரவு முழுக்கப் பூங்காவிலேயே தங்கினார்கள். நிலம் அதிர்ந்தால் இருக்கும் இடத்திலேயே குனிந்து உட்காருங்கள், கட்டடத்தையும் விளக்குக் கம்பத்தையும் விட்டு விலகுங்கள், பணியாளர் கை காட்டும் பக்கம் போங்கள். மொழி புரியாவிட்டாலும் பக்கத்தில் உள்ளவர்கள் செய்வதைச் செய்தால் போதும். ஆம்புலன்ஸுக்கு 119, காவலுக்கு 110.

கெய்யோ தடம் கடலோரமாக ஓடுவதால் பலத்த காற்றில் ரயிலை நிறுத்திவிடுவதுண்டு. அப்படியானால் மைஹாமாவிலிருந்து உராயாசு நிலையத்துக்குப் பேருந்து இருக்கிறது, அங்கே டோக்கியோ மெட்ரோவின் தோசாய் தடம் கிடைக்கும். ஜப்பானில் ரயில்கள் இரவு முழுவதும் ஓடுவதில்லை. பெரும்பாலான தடங்களில் நள்ளிரவையொட்டிக் கடைசி வண்டி போய்விடும். உங்கள் ஹோட்டலுக்குப் பக்கத்து நிலையத்துக்கான கடைசி வண்டி நேரத்தைக் காலையிலேயே குறித்து வையுங்கள். அதைத் தவறவிட்டால் டாக்சிக்கு ஆகும் தொகை அன்றைய நுழைவுக் கட்டணத்தையே தாண்டிவிடக்கூடும்.